அரைப் பேர்

எங்கள் பீடத்தில் பொய் எழுதுவதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. அதற்கு வைத்திருக்கிற பெயர் சக ஆசிரியர் மதிப்பீடு. ஒரு விரிவுரையாளரின் வகுப்பில் இன்னொரு விரிவுரையாளர் போய் உட்கார வேண்டும், அவர் எப்படிக் கற்பிக்கிறார் என்று பார்க்க வேண்டும், பார்த்ததைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. நடப்பது வேறு. பருவம் முடிகிற வாரத்தில் இரண்டிரண்டு பேராகச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து, இவர் படிவத்தை அவரும் அவர் படிவத்தை இவரும் நிரப்பிக் கொடுத்துக்கொள்வார்கள். பதினெட்டுக் கேள்வி. பதினெட்டுக்கும் ‘மிகச் சிறப்பு’. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஏதோ எனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி எழுதுகிறேன். எனக்கும் இதில் பங்கு உண்டு. என் பெயர் மைமூனா. ஊர் பலாங்கொடை. பீடாதிபதியின் அலுவலகத்தில் பதினாறு வருடமாக முகாமைத்துவ உதவியாளர். அந்தப் படிவங்களை அச்சடித்துக் கொடுப்பது நான், திரும்ப வாங்கிக் கோவையில் போடுவது நான், கூட்டம் நடந்தால் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பதும் நான்தான். யாராவது படிவம் தர மறந்தால் சிற்றுண்டிச்சாலைவரை நடந்து போய்ப் பேனாவையும் நீட்டியிருக்கிறேன். எல்லாம் பொய் என்று தெரிந்தேதான் செய்தேன். தெரியாது என்று இப்போது சொன்னால் அது இன்னொரு பொய்.

அந்தப் படிவத்தில் முதன்முதலாக உண்மையை எழுதிய ஆள் சுகந்தினி. புள்ளிவிபரவியல் கற்பிக்கிறவள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள் என்பதால் இங்கே அவள் என்று எழுதுகிறேன். நேரில் நீங்க, வாங்கதான்.

ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம் அவள் ஊர். அப்பா முத்துவீரன் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கிறவர். அம்மா கருப்பாயி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள் இவள்தான். முதல் வகுப்பில் தேறியபோது ஒரு பத்திரிகைக்காரர் லயத்துக்கே வந்து, ஏழ்மையை வென்ற மாணவி என்று எழுதப் பார்த்தாராம். தான் வென்றது பரீட்சையைத்தான், ஏழ்மை இன்னும் இதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருக்கிறது, வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். செய்தி வரவே இல்லை. அவளுக்கு வாய் அப்படி.

நாலு வருடம் தற்காலிக விரிவுரையாளர். அப்புறம் தகுதிகாண் விரிவுரையாளர். தகுதிகாண் என்றால் வேலை உண்டு, ஆனால் உங்களுடையது இல்லை என்று அர்த்தம். குறித்த காலத்துக்குள் நிரந்தரமாக்கவில்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேற்படிப்பு இழுத்ததால் அவளுக்கு ஏற்கனவே ஒரு நீடிப்புக் கொடுத்தாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு இன்னும் ஒரே ஒரு நீடிப்புத்தான் மிச்சம். போன வருடம் மேற்படிப்பை முடித்துச் சான்றிதழைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது கோவை ஏறக்குறைய நிறைந்துவிட்டது. நிரந்தரமாவதற்கு எல்லாத் தாளும் இருந்தன. சக ஆசிரியர் மதிப்பீடும் இருந்தது. அதை எழுதியவர் விஜேகோன் சேர்.

விஜேகோன் சேர் எங்கள் பீடத்துச் சிரேஷ்ட விரிவுரையாளர். பொருளியல். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு ஆசிரியர் விடுதியில் அறை கிடைக்க அலைந்தவர் அவர்தான். அவள் படிவத்தில் பதினெட்டுக்கும் ‘மிகச் சிறப்பு’ போட்டு, இளம் விரிவுரையாளர்களுக்கு இவர் ஒரு முன்மாதிரி என்று அழகான ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தார். ஒரே ஒரு சிக்கல். வகுப்பைப் பார்த்ததாக அவர் எழுதிய தேதியில் சுகந்தினி லீவில் இருந்தாள். அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. அந்த லீவுத் தாளும் என் கையால் கோவையில் போட்டதுதான். நான் கண்டும் காணாதவளாக இருந்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார், அவருக்கும் அதே படிவம் தேவை. இரண்டு வரி எழுதிக் கொடு என்று தன் படிவத்தை அவளிடம் கொடுத்தார். எல்லோரும் செய்கிற கைமாறு. இவளும் சரி சேர் என்று வாங்கிக்கொண்டாள்.

வாங்கியவள் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வகுப்புக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மணி நேர விரிவுரை அது. அன்றைக்கு நடந்ததை அவள் படிவத்திலிருந்தே சொல்கிறேன், அதை நான் மூன்று தடவை படித்தேன். சேர் இருபத்திரண்டு நிமிடம் பிந்தி வந்தார். திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். அதில் ஒரு புள்ளிவிபரம் பன்னிரண்டு வருடம் பழையது. ஒரு மாணவன் கை உயர்த்தியபோது கேள்விகள் கடைசியில் என்றார். கடைசி என்று ஒன்று வரவில்லை. தொலைபேசி அழைப்பு வந்து வெளியே போனவர் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் வகுப்பை முடித்துவிட்டார். பாடத்தில் அவருக்கு ஆழ்ந்த அறிவு இருக்கிறது, வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பேசிய ஐந்து நிமிடம் மிக நன்றாக இருந்தது என்றும் எழுதியிருந்தாள். பதினெட்டில் ஆறு ‘மிகச் சிறப்பு’, மிச்சமெல்லாம் அதற்குக் கீழே. கடைசியில் பொதுக் கருத்து என்ற பெட்டிக்குள் ஒரே ஒரு வரி. இந்த விரிவுரைக்கு என்னால் ஒரு ஹாஃப் நேம் மட்டுமே போட முடியும்.

எனக்கு விளங்கவில்லை. பதினாறு வருடம் ஆங்கிலக் கடிதங்களோடு மாரடித்தவள் நான். ஹாஃப் நேம் என்று எதையும் கேள்விப்பட்டதில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தாளை வாங்கிப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அரப் பேருன்னு எழுத வந்தேன் அக்கா. கை அப்படியே இங்கிலீஷ்ல போட்ருச்சு.”

தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிற்கவைத்து வேலை பிரிப்பார்களாம். வேலை செய்தவருக்குச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை. மழை வந்து வேலை பாதியில் நின்றாலோ, கொண்டுவந்த பால் நிறுவையில் குறைந்தாலோ அரைப் பேர். அவள் அம்மா விடியக் காலையிலிருந்து மலை ஏறி இறங்கி மரம் வெட்டிவிட்டு எத்தனையோ நாள் அரைப் பேரோடு வந்திருக்கிறாராம். அதே நாட்களில் வேலைப் பக்கமே தலைகாட்டாத, பேர் போடுகிற கணக்கப்பிள்ளையின் மச்சானுக்கு முழுப் பேர் விழுந்திருக்கிறது. ஊருக்கே தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பு போய்விட்டது. அம்மா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது என்றாள்.

எனக்கு அவள் வேலைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அடுத்த மாதம் அவள் கோவை நிரந்தரமாக்குவதைத் தீர்மானிக்கிற குழுவுக்குப் போகிறது. குழுவில் விஜேகோன் சேரும் உட்காருவார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“ஏன் புள்ள வம்ப வெலைக்கு வாங்குறீங்க? இதக் கிழிச்சிட்டு வேற ஒன்னு எழுதிக் குடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

“ஹாஃப் நேமுன்னு எழுதுனது தப்புத்தான் அக்கா. ஆனா அது இங்கிலீஷ் தப்பு. சங்கதி தப்பில்ல.” புதுப் படிவத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளிவிட்டாள். “வராத ஆளுக்குப் பேரு போட்டா எங்க தோட்டத்துல அத களவுன்னுதான் சொல்லுவாங்க. சத்தமா சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.”

படிவம் விஜேகோன் சேரிடம் போனது. அன்று பின்னேரமே பீடம் முழுவதும் அதை வாயில் போட்டு மென்றது. அவர் அந்த ஆறு ‘மிகச் சிறப்பை’யும் பார்க்கவில்லை, இருபத்திரண்டு நிமிடத்தையும் பார்க்கவில்லை. ஹாஃப் நேம்தான் அவரைச் சுட்டது. தன் பெயர் அரைப் பெயர் என்று, தன் பரம்பரையைப் பற்றி, தன் பட்டத்தைப் பற்றி ஏதோ எழுதிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். பீடாதிபதியின் அறைக்குள் அவர் பேசியது கதவு மூடியிருந்தும் எனக்குக் கேட்டது. அறை எடுத்துக் கொடுத்தேன், படிவம் எழுதிக் கொடுத்தேன், நேற்று வந்த பிள்ளை என்னை இப்படி எழுதுகிறாள் என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அதே நேரம் எரிச்சலும் வந்தது. பன்னிரண்டு வருடம் பழைய புள்ளிவிபரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. அம்மா போனில் அழுதிருக்கிறார். அந்த சேர் கேக்குறத எழுதிக் குடுத்துட்டு உன் வேலையப் பார்த்துக்கடி என்றாராம். அதற்கு இவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் கண் சிவந்து வந்தாள், ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பதுக்கே போனாள்.

பீடாதிபதி இருவரையும், கூடவே வேறு சில விரிவுரையாளர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். மூலையில் நான், கையில் குறிப்புப் புத்தகம். ஹாஃப் நேம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டார்கள். சுகந்தினி சிங்களத்தில் பேசினாள். ருவான்வெல்லைச் சிங்களம், என் சிங்களத்தைவிட வேகமாக ஓடும். பெரட்டு, செக்ரோல், பேர், அரைப் பேர் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். மொழிபெயர்ப்பில் செய்த பிழைக்கு விஜேகோன் சேரிடம் மன்னிப்புக் கேட்டாள். சேரின் பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அரை வேலைக்கு எங்கள் ஊரில் சொல்கிற சொல் அது என்றாள். சேரின் முகம் கொஞ்சம் இறங்கியது. பீடாதிபதி பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அப்படியானால் சின்னத் திருத்தம் செய்து புதுப் படிவம் தந்துவிட்டால் எல்லாம் சுபமாக முடியும், அவளுடைய கோவையும் அடுத்த மாதம் தடையில்லாமல் போகும் என்றார்.

அத்தோடு எழுந்து போயிருந்தால் இன்றைக்கு அவள் நிரந்தர விரிவுரையாளர்.

அவள் தன் பையைத் திறந்து ஒரு பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள். சேர் அவளுக்கு எழுதிய படிவம். இந்தத் தேதியில் நான் கேகாலையில் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன், இல்லாத வகுப்பை சேர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டாள். பீடாதிபதி என்னைப் பார்த்தார். லீவுத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கண்டும் காணாமல் விட்ட தாள் அது.

அப்புறம் அவள் சொன்னதுதான் எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. என்னுடைய படிவத்தை ரத்துச் செய்யுங்கள், இந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டாம், யாராவது வந்து என் வகுப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றாள். அந்தப் படிவம் இல்லாமல் கோவை போகாது என்று பீடாதிபதி எச்சரித்தார். தெரியும் என்றாள். யார் வருவது என்று அவர் கேட்டபோது அறையில் இருந்த மற்ற விரிவுரையாளர்கள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் வருகிறேன்,” என்றார் விஜேகோன் சேர். அந்தக் குரலில் கருணை எதுவும் இல்லை.

வந்தார். ஒன்பது மணி வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, முன்வரிசையில், படிவத்தை விரித்துவைத்து உட்கார்ந்தார். மல்டிமீடியா கருவியின் சாவியைக் கொடுக்கிற சாக்கில் நானும் மேலே போய்க் கதவோரம் நின்றுவிட்டேன். இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பாள், உடனே சிங்களத்துக்குத் தாவுவாள், ஓரத்தில் இருக்கிற மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதையே தமிழில் ஒரு வரியில் வீசுவாள். ஒரு பெண் கை தூக்கினால் பின்னாலேயே நாலு கை எழும்பும். சிலது மடக்குக் கேள்வி. தெரியாததைத் தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் ஒரு தடவை.

சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று கணக்கிடும் சூத்திரத்தை எழுதினாள். பத்துப் பேரின் தரவு இருந்தால் பத்தால் வகுக்காமல் ஒன்பதால் வகுக்க வேண்டுமாம். அந்த நேரம் முன்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. விஜேகோன் சேர். ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்தவர் போலப் பேனாவை எடுத்தார். அவள் சிரிக்கவில்லை. பத்துப் பேரின் சராசரி ஏற்கனவே தெரியும் என்று வையுங்கள் சேர், ஒன்பது பேர் தங்கள் எண்ணைச் சொல்லிவிட்டால் பத்தாவது ஆளுக்கு வேறு எண் சொல்கிற சுதந்திரம் இல்லை, அதனால் சுதந்திரமாகப் பேசியவர்கள் ஒன்பது பேர்தான் என்றாள். அவர் தலையசைத்தார். முப்பது வருடம் அந்தச் சூத்திரத்தைப் பாவித்தவர், காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி இரண்டு தடவை அதிர்ந்தது, எடுக்கவில்லை.

அவர் எழுதிய படிவம் மறுநாள் என் மேசைக்கு வந்தது. இந்த முறை தேதி சரி. பதினொன்றுக்கு ‘மிகச் சிறப்பு’. அதற்குக் கீழே குறைகள் மூன்று. ஒன்று, அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் பேசுகிறார். இரண்டு, வெண்பலகையில் எழுத்து சிறியது, பின்வரிசைக்குத் தெரியாது. மூன்று, மாணவர்கள் அடிக்கடி கேள்வி கேட்டு விரிவுரையை இடைமறிக்கிறார்கள், வகுப்பு இவர் கட்டுப்பாட்டில் இல்லை. கடைசியில் வழக்கமான வாசகம்: மேற்கண்ட குறைகளை ஏற்று, திருத்திக்கொள்ள உடன்படுகிறேன். அதன் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

குழுக் கூட்டத்தில் அவள் முன்னால் பேனாவை வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே சிபாரிசு. முதல் குறை உண்மை, லயத்தில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம், குறைத்துக்கொள்கிறேன் என்றாள். இரண்டாவதும் உண்மை, பெரிதாக எழுதுகிறேன் என்றாள். மூன்றாவதை மட்டும் கோடு கிழித்து வெட்டினாள். இதை ஏற்க மாட்டேன், திருத்திக்கொள்ளவும் மாட்டேன், அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் ஒன்று சேருடையது என்றாள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். விஜேகோன் சேர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மட்டும் அந்த நேரம் வாய் திறந்து ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

வெட்டிய படிவத்தைக் குழு ஏற்காது என்றார் பீடாதிபதி. மிச்சமிருந்த அந்த ஒரே நீடிப்பை எழுதினார்கள். ஆறு மாதம். அதற்குப் பிறகு ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் ருவான்வெல்லை பஸ்.

கூட்டக் குறிப்பை நான் தட்டச்சுச் செய்து அனுப்பினேன். மூன்றாவது குறையை ஏற்க விரிவுரையாளர் மறுத்தார், அதற்குக் காரணமாக இதைச் சொன்னார் என்று அவள் சொன்னதைச் சொன்னபடியே போட்டிருந்தேன். பீடாதிபதி சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, ‘கலந்துரையாடப்பட்டது’ என்று ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பினார். பதினாறு வருடத்தில் எத்தனையோ விஷயத்தை அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடியவள் நான். அன்றைக்கு மறுபடியும் முழுதாகத் தட்டச்சுச் செய்து, நடந்தது இதுதான் சேர், வேறு மாதிரிப் போட வேண்டுமென்றால் குறிப்பெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒரு துண்டில் எழுதி இணைத்தேன். இரண்டு நாள் அது அவர் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் கையெழுத்தோடு வந்தது.

நீடிப்புக் கடிதத்தை அவளிடம் கொடுத்தபோது எனக்குத்தான் அழுகை வந்தது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுத் தொலைத்திருக்கலாமே என்றேன். அவள் கடிதத்தை இரண்டாக மடித்துப் பாடக் குறிப்புகளுக்கு நடுவில் வைத்தாள். மேலே மணி அடித்துவிட்டது.

“அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் செய்யப் போற வேல அக்கா. வாயத் தொறக்காத புள்ளைங்க முன்னால அத்தன வருசம் நின்னுக்கிட்டு என்னத்த பேசுறது?”